முதல் அழைப்பிலேயே வந்தவர்

மகுடேஸ்வரியின் குரலைக் கேட்காத ஆள் அந்தத் தாலுகாவில் கிடையாது. கேட்டு நடந்த ஆளும் கிடையாது.

இருபது வருடத்துக்கு மேல் தாராபுரம் பஸ் ஸ்டாண்டு மைக் அவள் கையில் இருந்தது. "ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது, பயணிகள் உடனடியாக ஏறிக்கொள்ளவும்" என்று அவள் சொல்லி முடிக்கும்போது, டீக்கடை முன்னால் நிற்கிறவர் சாவகாசமாக இன்னொரு டீ சொல்வார். உடனடி என்ற சொல்லுக்கு நம் ஊரில் என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரியாதா? அதனால் பஸ் கிளம்புவதற்கு வெகு முன்பே அறிவித்துவிடுவாள். அவள் முன்பே அறிவிக்கிறாள் என்பது ஜனங்களுக்கும் தெரியும். அவள் சொல்வதற்கும் பஸ் நகர்வதற்கும் நடுவில் ஒரு டீ, ஒரு வடை, ஒரு ஊர்வம்பு கணக்காக முடியும். யாரும் எழுதி வைக்காத ஒப்பந்தம் அது. அவளுக்குத் தெரிந்து பஸ்ஸும் யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை.

பிறகு காலம் மாறியது. வெயில் ஏறி ஏறி, பங்குனியிலிருந்து ஆடி முடிய பகல் பஸ்கள் நின்றுபோயின. விடிகாலையிலும் அந்தி சாய்ந்தும் ஓடுகிற நாலு பஸ்ஸுக்கு எதற்கு ஆள் என்று மெஷினை வைத்துவிட்டார்கள். மகுடேஸ்வரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருந்த தன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். கணவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. சந்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வசதி இருந்தவர்கள் மலைப்பக்கம் போய்விட்டார்கள். ஒரு தோசை ஊற்றி, ஒரு டம்ளர் கழுவி வைத்தால் அவள் நாள் முடிந்துவிடும். ஊருக்கே குரல் கொடுத்தவள், நாள் முழுக்க வாய் திறக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

மனிதர்கள் கதை இப்படியென்றால் மாடுகள் கதை இன்னும் மோசம். முன்பெல்லாம் பசு பருவத்துக்கு வந்தால் ஊரைக் கூட்டிவிடும். கத்தும், கயிற்றை இழுக்கும், பக்கத்து மாட்டின் மேல் தாவும். தூங்குகிற சோம்பேறிகூட எழுந்துபோய் சினை ஊசி போடுகிறவரைக் கூட்டிவருவான். வெயில் அந்தக் குரலை முதலில் பிடுங்கிக்கொண்டது. உடம்புச் சூட்டைத் தாங்குவதற்கே சக்தி போதாத பசு எங்கே கத்துவது? பருவம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கி நிற்கும். கன்று இல்லாமல் பால் ஏது? நாலைந்து தடவை தவறினால் அடிமாட்டு வண்டிதான்.

அதற்குத்தான் கழுத்துப்பட்டை வந்தது. பசு சொல்லாததை அதன் ரத்த ஓட்டத்திலிருந்தும் நடையிலிருந்தும் பட்டை கண்டுபிடித்துச் சொந்தக்காரர் செல்லுக்குச் செய்தி அனுப்பும். செய்தியை யார் படிக்கிறார்கள்? கம்பெனிக்காரர்கள் சென்னைப் பெண் ஒருத்தியின் குரலில் கூப்பிட வைத்துப் பார்த்தார்கள். லோன் வேண்டுமா என்று கேட்கிறாள் என நினைத்து எல்லாரும் துண்டித்தார்கள். அப்போது கம்பெனியில் வேலை பார்த்த யாழினி என்ற உள்ளூர்ப் பெண்ணுக்கு ஒரு யோசனை தோன்றியது. தாலுகாவுக்கே பழகிய குரல் ஒன்று பின்சந்தில் சும்மா கிடக்கிறதே என்று நினைத்தாள்.

குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து மகுடேஸ்வரி சில நாட்கள் மாடே பேசுவதுபோலப் பேசிக்கொடுத்தாள். "ஏனுங்க, நானுங்க. எனக்கு நேரம் வந்துருச்சுங்க. ஊசிக்குச் சொல்லுங்க." "வெயிலேறுதுங்க, கொஞ்சம் தண்ணி வெக்கிறீங்களா?" மீதியை மெஷின் தானே கற்றுக்கொள்ளும் என்றார்கள். கடைசி நாள் யாழினி அவளிடம் ஒரு யோசனை கேட்டாள். ஊசி எப்போது போட வேண்டும் என்று பட்டைக்குத் துல்லியமாகத் தெரியும். ஆனால் ஆட்களை எப்போது கூப்பிடுவது?

மகுடேஸ்வரியிடம் வாழ்க்கையில் யாரும் யோசனை கேட்டதில்லை. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நம்ம சனம் மொதத் தடவை கூப்பிட்டா வராது கண்ணு. அவன் வரோணும்னா அரை நாள் முன்னயே கூப்பிட்டுப் போடோணும்."

யாழினி சிரித்துவிட்டாள். ஆபீசில் இருந்த உள்ளூர்க்காரர்கள் எல்லாரையும் கேட்டாள். அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை என்று அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அப்படியே வைத்தார்கள்.

அதன்பின் மகுடேஸ்வரியின் குரல் கொட்டகை கொட்டகையாகப் போய்ச் சேர்ந்தது. எருமை வாங்கினாலும் அதற்கும் அவள் குரல்தான். காய்கறிக் கடையில் அவள் வாய் திறந்தால், "மாடு பேசுதுடோய்" என்று யாராவது திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். எத்தனையோ வீடுகளில் நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்த குரலுக்குச் சொந்தக்காரியை யாரும் கூப்பிட்டுப் பேசியதில்லை. யாழினி மட்டும் எப்போதாவது பேசுவாள். ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னாள், தனியாள் இருக்கிற வீடுகளில் மாட்டுக்குச் சினை நிற்பதே இல்லையாம். குடும்பமாக இருக்கிற வீடுகளில் பரவாயில்லையாம். கவனிக்க ஆள் போதாமல் கொட்டகை சூடேறிவிடுகிறது போல என்று ஆபீசில் முடிவு கட்டி, அந்த மாதிரி வீடுகளுக்கு மூன்று தடவை தவறினாலே பட்டையை நிறுத்திவிடுகிறார்கள் என்றாள்.

அன்றைக்கு மகுடேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. தனியாள் என்றால் மாட்டுக்குக்கூட ஆகவில்லையே என்று மனசு கசந்தது.

ஆடி மாதம் ஒரு விடிகாலையில் கதவு தட்டப்பட்டது. வாசலில் ஐம்பது தாண்டிய ஒருவர் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றார். பெயர் நாட்டராயன், ஊர் கல்லாங்காட்டுவலசு, முதல் பஸ்ஸில் வந்தேன் என்றார். உள்ளே வரச் சொன்னாள். அவர் வாசற்படியோடு நின்றுகொண்டார். எங்கேயோ பார்த்த முகம் போல இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பாதி வாழ்க்கையைக் கழித்தவளுக்கு எல்லா முகமும் அப்படித்தான்.

அவரிடம் ஒரே ஒரு பசு, செவலை. மூன்று தடவை ஊசி போட்டும் நிற்கவில்லை. கம்பெனி பட்டையை நிறுத்திவிட்டது. நாளை மறுநாள் வியாபாரி வண்டி கொண்டுவருகிறான். இவ்வளவையும் அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். மகுடேஸ்வரி, கம்பெனியில் தனக்கு ஒரு செல்வாக்கும் இல்லையே என்றாள்.

"அதுக்கு வரலீங்க" என்றார் அவர். "மாடு பேசாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? பேசறது நீங்கதான்னு மொத நாளே தெரியுமுங்க. ஆனா எங்கம்மா போனதுக்கப்பறம் எங்கூட்டுல பேசற குரல் அது ஒண்ணுதானுங்க. பட்டைய நிறுத்துனதுல இருந்து அதுவுமில்லீங்க. ஒண்ணுஞ் சொல்லாம வண்டியில ஏத்த மனசு வரமாட்டீங்குது. நீங்க ஒரு வார்த்தை, 'போயிட்டு வாரனுங்க'ன்னு சொல்லிட்டீங்கன்னா, ஏத்தி உட்டுருவேன்."

அடிமாட்டு வண்டிக்கு 'போயிட்டு வாரேன்' ஏது? திரும்பி வராத பயணத்துக்கு அவள் இதுவரை அறிவிப்பு செய்ததில்லை. அவர் காத்துக்கொண்டு நின்றார். சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. நேரத்தைக் கடத்துவதற்காக ஏதேதோ கேட்டாள். கொட்டகைக்குக் கூரை என்ன? தென்னங்கீற்றுங்க, மேலே சாக்கு நனைத்துப் போடுகிறேன் என்றார். தண்ணீர்? நான் குடிக்கிறதில் பாதி அதுக்குத்தான் என்றார். ஊசிக்கு ஆள் வருவதற்கு நேரமாகுமோ?

"அதெல்லாம் ஒரு நொடி ஆகாதுங்க. போன் அடிச்சதும் எந்திரிச்சு ஓடிருவேன். ஊசி போடறவரு ஊட்டு வாசல்லயே போய் நின்னுக்குவேன். அவரு பல்லு வெளக்கக்கூட உடாமக் கூட்டியாந்து போட்டுருவேனுங்க."

"மொதப் போனுக்கேவா?"

"பின்ன? கூப்பிட்டதுக்கப்பறம் எப்படிங்க உக்காந்திருக்கறது?"

அரை நாள் முன்பே கூப்பிடச் சொன்ன வாய் மகுடேஸ்வரியுடையது. இந்த மனிதர் மூன்று தடவையும் அரை நாள் முன்பே போட்டு முடித்திருக்கிறார். அதனால் என்ன கெடும் என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் ஏதோ கெட்டிருக்கிறது என்று மட்டும் புரிந்தது. அவரை உள்ளே உட்கார வைத்து, காபி கொடுத்து, யாழினியைக் கூப்பிட்டாள்.

யாழினி முதலில் தூக்கக் கலக்கத்தில் கேட்டாள். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து பழைய கணக்குகளைப் பார்த்தாள்.

"அக்கா, ஊசியில போற உயிரு மாட்டு வயித்துல முன்னெல்லாம் ஒரு நாள் தாங்கும். இப்ப மாட்டு ஒடம்பே கொதிக்குது, அவ்வளவு நேரம் தாங்காது. கருமுட்டை வர்றதுக்குள்ள இது செத்துரும். அதனாலதான் நேரம் அவ்வளவு முக்கியம்."

"குடும்பமா இருக்கற ஊட்டுல நிக்குதுன்னியே?"

"அவங்க யாரும் ஒடனே போகலக்கா. புருசன் போகட்டும்னு பொண்டாட்டி இருப்பா, பையன் போகட்டும்னு அப்பன் இருப்பாரு. மெல்ல அவங்க போறப்ப நேரம் சரியா இருந்திருக்கு. தனியா இருக்கறவங்கதான் ஓடியிருக்காங்க. நாம வெயில் மேல பழியப் போட்டுட்டோம்."

சினை நிற்காததற்கு வெயிலும் காரணம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வெயிலுக்குத் தப்பிய கொஞ்சத்தையும் இவள் யோசனை கொன்றிருக்கிறது. எத்தனை வீடுகள் இருக்கும்? ஒற்றை ஆளும் ஒற்றை மாடுமாக இருந்த வீடுகளில், அவள் குரலைக் கேட்டதும் போட்டது போட்டபடி எழுந்து ஓடியவர்கள் எத்தனை பேர்? இருபது வருடம் மைக்கில் கத்தியும் ஒருவரும் அசையவில்லையே, இந்த உலகத்தில் தன் முதல் வார்த்தைக்கே ஓடிவருகிறவர்கள் இருப்பார்கள் என்று அவள் எப்படி நினைப்பாள்? அவர்கள் மாடுகள் எல்லாம் வண்டி ஏறிவிட்டன. அவளுக்கு அழுகை வந்தது. காபி டம்ளரைக் கழுவும் சாக்கில் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள்.

அன்று மாலை யாழினி மறுபடி கூப்பிட்டாள். மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டாளாம். மென்பொருளின் அடுத்த மாற்றத்தில் நேரத்தைச் சரிசெய்துவிடுவார்கள். ஆனால் யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது என்று உத்தரவு. போன மாடு திரும்பி வரவா போகிறது, சொன்னால் வழக்குத்தான் வரும் என்கிறார்கள். மகுடேஸ்வரியும் வாய் திறக்கக் கூடாது. குரல் கம்பெனியுடையது.

"கொரலுதான் உங்களுது கண்ணு" என்றாள் மகுடேஸ்வரி. "வாயி என்னுது. ஓடுனவங்க ஒவ்வொருத்தரையும் தேடிப் போய் நான் சொல்லத்தான் போறேன். நீ அந்தச் செவலைக்கு ஒரு வழி பண்ணு."

யாழினி தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டாள். முழுதாகப் பட்டையை ஓடவிட்டால் ஆபீசில் தெரிந்துவிடும். பருவம் வந்தால் மட்டும் கூப்பிடுகிற மாதிரி வைக்கலாம். பழைய நேரப்படிதான் கூப்பிடும், அதை அவளால் தனியாக மாற்ற முடியாது. மூன்று வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டால் சினை நிற்கவில்லை என்று அர்த்தம். கூப்பிடாவிட்டால் நின்றுவிட்டது. நேரம் சரியாக இருந்தாலும் உறுதி சொல்ல முடியாதாம். சித்திரை வெயிலில் கெட்ட முட்டை ஆவணி வரைக்கும் வந்துகொண்டே இருக்குமாம்.

நாட்டராயனுக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். தன் யோசனையால்தான் கெட்டது என்பதையும் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் வேறொன்று கேட்டார்.

"சினை நின்னுருச்சுன்னா அதுக்கப்பறம் அது பேசாதுங்களா?"

"பேசாதுங்க."

"பேசாட்டிப் போவுதுங்க. உசுரோட இருக்கட்டும்" என்றார்.

வியாபாரியிடம் ஒரு மாதம் தவணை சொன்னார். மகுடேஸ்வரி அவருக்கு ஒரு பாடம் எடுத்தாள். அது கூப்பிட்டதும் ஓடக் கூடாது. ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்கிற மாதிரி ஒரு டீ குடிக்க வேண்டும், ஊர்வம்பு பேச வேண்டும், சாவகாசமாகப் போக வேண்டும். என்னால் முடியாதுங்களே என்றார் அவர். அப்படியென்றால் அது கூப்பிட்டதும் என்னைக் கூப்பிடுங்கள், நான் போகச் சொல்லும்வரை பேசிக்கொண்டிருங்கள் என்றாள்.

ஆடி முடிகிற சமயம், ஒரு காலையில் போன் அடித்தது. "கூப்பிட்டிருச்சுங்க" என்றார். ஓடி வந்து நிற்கிறவர் போல மூச்சு வாங்கியது.

அன்று பகல் முழுவதும் இரண்டு பேரும் பேசினார்கள். வெளியே ஆடிக்காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல வீசியது. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாக்கை நனைத்துச் செவலை முதுகில் போடுவார், தண்ணீர் காட்டுவார், மறுபடி வந்து பேசுவார். பேசுவதற்கு முதலில் விஷயம் கிடைக்கவில்லை. இரண்டு பேருமே பேச்சை மறந்தவர்கள். பிறகு அவர் தானாகவே ஒன்று சொன்னார்.

"பொண்ணு பாக்கப் போறதுக்கு ஒருக்கா திண்டுக்கல் பஸ்ஸுக்கு வந்தனுங்க. புறப்படத் தயாரா இருக்குன்னு நீங்க சொன்னீங்க. எல்லாரையும் மாதிரி நானும் ரெண்டாவது டீ சொன்னேன். அன்னைக்குன்னு பாத்து புது டிரைவரு, எடுத்துட்டாரு. அடுத்த பஸ்ஸப் புடிச்சுப் போறதுக்குள்ள வேற எடத்துல பேசி முடிச்சுட்டாங்க. காட்டு வேல பாக்கறவனுக்கு மறுக்கா ஆரு பொண்ணு குடுக்கறாங்க? அன்னைக்கிருந்து நீங்க சொன்ன ஒடனே ஏறி உக்காந்துக்குவேனுங்க."

அப்போதுதான் மகுடேஸ்வரிக்கு அந்த முகம் பிடிபட்டது. மைக் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் காலி பஸ் ஒன்று வெயிலில் நிற்கும். அவள் அறிவித்த கையோடு ஒரே ஒரு ஆள் ஏறி, மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். டீயும் வடையும் முடிந்து கூட்டம் வரும்வரை அந்த ஒற்றைத் தலை மட்டும் தெரியும். பாவம், ஊர் விவரம் தெரியாத ஆள் போல என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

பொழுது சாயத் தொடங்கியபோது யாழினி செய்தி அனுப்பி நேரத்தைச் சொன்னாள். மகுடேஸ்வரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். தன் ஆயுளில் அவள் சரியான நேரத்துக்குச் செய்த ஒரே அறிவிப்பு அதுதான்.

"ஏனுங்க, இப்பப் போங்க."

செருப்புச் சத்தம் ஓடுவது கேட்டது. போனைத் துண்டிக்க மறந்திருந்தார். அவர் ஊசிக்காரரைக் கூட்டிவந்து போட்டு முடிக்கும்வரை அவள் காதில் வைத்தபடியே இருந்தாள்.

அதன்பின் மூன்று வாரம் அவள் சும்மா இருக்கவில்லை. யாழினியிடம் கெஞ்சி வாங்கிய ஊர்ப் பெயர்களை வைத்துக்கொண்டு விடிகாலைப் பஸ்ஸில் போய், ஆள் ஆளாகப் பார்த்துச் சொன்னாள். உங்கள் மேல் தப்பில்லை, நீங்கள் சீக்கிரம் வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான் என்று சொன்னாள். ஒருவர் அழுதார். ஒரு அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். பெரும்பாலும் காலிக் கொட்டகையைக் காட்டி உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். கம்பெனியிலிருந்து ஒரு எச்சரிக்கை வந்தது, அதையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரக் கெடு முடிகிற நாளன்று எங்கும் போகவில்லை. போனை முக்காலியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். செவலை மறுபடி பருவத்துக்கு வந்தால் அவரைக் கூப்பிடும், அவர் இவளைக் கூப்பிடுவார். வாங்கிய நாள் முதல் யாராவது கூப்பிடமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கருவியை, இன்று அடித்துவிடாதே சாமி என்று கும்பிட்டாள். காலை போனது. பகல் போனது. அடிக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் வீடு மறுபடி வீடாக இருந்தது. இனி அவர் கூப்பிடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. நல்லது நடந்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு தோசை ஊற்றிச் சாப்பிட்டுப் படுத்தாள்.

மறுநாள் விடியலில் போன் அடித்தது. கல்லாங்காட்டுவலசு எண். ஒருநாள் தள்ளி வந்துவிட்டதோ, வியாபாரிக்குச் சொல்லிவிட்டாரோ என்று பயந்தாள். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

அந்தப் பக்கம் செவலை வைக்கோல் மெல்லும் சத்தம் கேட்டது.

"நேத்தெல்லாம் அது கூப்பிடலீங்க" என்றார் நாட்டராயன். "அதான், நான் கூப்பிட்டனுங்க."